பைக்குள்ளே ஒரு படுக்கை அறை

அமராவதி நகரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஏழாவது நாள் ஸைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாளாம். வருகிற தைப்பூசத்துக்குத் தோழிகள் ஐந்து பேரோடு பழனிக்கு நடந்து போகப் போகிறாள். அது முடிந்ததும் ஸைக்கிளிலேயே மூணாறு வரை போய்வர உத்தேசம். "இதற்கெல்லாம் பிவ்வி பை என்று ஒன்று வாங்க வேண்டும் என்கிறாள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. படத்தில் பார்த்தால் தலையணை உறையைப் பெரிதாகத் தைத்த மாதிரி இருக்கிறது. இது அவசியந்தானா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? அதற்குள் படுத்தால் மூச்சு முட்டாதா?" என்று கேட்கிறார்.

சகோதரி கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியைத்தான் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். மூச்சு விடும் பைதான் நல்ல பை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில், பிவ்வி என்றால் என்ன? பிவாக் என்ற பிரெஞ்சுச் சொல்லின் செல்லப் பெயர் அது. இராக் காவலைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்ததாம். சிப்பாய்கள் கூடாரம் அடிக்காமல் வெட்டவெளியில் இரவைக் கழிப்பதற்கு அந்தப் பெயர். மலையேறுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து, முதுகில் மூட்டையோடு நடக்கிறவர்களுக்கும் ஸைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் வந்து சேர்ந்தது. சிப்பாய் சமாசாரம் அமராவதி நகருக்குப் புதிதல்ல. அங்கே சைனிக் பள்ளி 1962 முதல் நடந்து வருகிறது. 2021-22 முதல் நாடு முழுவதும் சைனிக் பள்ளிகளில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே, 'பெண் பிள்ளைக்கு வெட்டவெளியில் என்ன வேலை?' என்று அந்த ஊரில் யாராவது கேட்டால் சகோதரி பள்ளிக்கூடத்து வாசலைக் காட்டிவிடலாம்.

பிவ்வி பை கூடாரமும் அல்ல, குளிருக்கு இழுத்துப் போர்த்தும் ரஜாயும் அல்ல. ரஜாய்க்குப் போடும் மழைக்கோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே விரிக்கும் பாயும், மேலே போர்த்தும் போர்வையும், நடுவில் படுக்கும் மனிதரும் எல்லாருமாக அந்த உறைக்குள் போய்விடுகிறார்கள். காற்றும் பனியும் தூறலும் தரை ஈரமும் உள்ளே வராமல் அது தடுக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, கொங்காடை, அதையே காலடி வரை நீட்டி அடியை மூடிவிட்டால் பிவ்வி பை.

இதனுடைய பெருமையெல்லாம் எடையில் இருக்கிறது. ஒருவர் படுக்கும் சாதாரணக் கூடாரம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். பிவ்வி பை, ரகத்தைப் பொறுத்து, 100 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை. சுருட்டினால் சிறியவை ஒரு தண்ணீர்ச் செம்புக்குள் அடங்கும். ஸைக்கிளின் கைப்பிடியிலேயே கட்டிவிடலாம். மூன்று நாள் நடக்கிறவருக்கு ஒரு கிலோ எவ்வளவு கனம் என்பது, இடுப்பில் குழந்தையோடு சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இட்லிப் பானை சொல்லும் பாடம்

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறது அல்லவா? ஆவி, குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகிறது. பைக்குள் படுத்தவருக்கும் இதேதான் நடக்கும். நாம் தூங்கும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வீட்டில் அது காற்றோடு போய்விடும். காற்றுப் புகாத பைக்குள் எங்கே போகும்? துணியின் உட்புறத்தில் பட்டுத் துளியாகி, போர்வையில் சொட்டும். விடியற்காலை நாலு மணிக்கு, வெளியே ஒரு துளி மழை இல்லாமலே, உள்ளே நனைந்து நடுங்குவார்கள். 'பை ஒழுகுகிறது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். பை ஒழுகவில்லை, அது மூச்சு விடவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் உள்ள ரகங்களைப் பார்ப்போம். மொத்தம் மூன்று.

முதலாவது, வெள்ளிக் காகிதம் போல மினுமினுக்கும் அவசரப் பை. மெல்லிய பிளாஸ்டிக்கில் உலோகப் பூச்சு. அமெரிக்க விண்வெளி நிலையத்தார் 1964-இல் உருவாக்கிய பொருளின் வாரிசு இது. எடை 100 கிராம் அளவில்தான், விலையும் சகாயம். ஆனால் இது துளிக்கூட மூச்சு விடாது. வழி தவறியவர், அடிபட்டவர், மழையில் நனைந்து விறைத்தவர் உதவி வரும் வரை உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. 1953 ஜூலையில் ஹெர்மன் பூல் என்ற ஆஸ்திரியர் நங்க பர்வதத்தின் சிகரத்தைத் தனியாகத் தொட்டுவிட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. சுமார் 8,000 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை ஓரத்தில், பையும் இல்லாமல் கூடாரமும் இல்லாமல் இரவு முழுவதும் நின்றபடியே கழித்தார். உயிர் தப்பினார், கால் விரல்கள் சில போயின. அப்படி அகப்பட்டுக்கொண்ட இரவுக்கு வெள்ளிப் பை. ஆசையோடு போகும் இரவுக்கு அது உதவாது.

இரண்டாவது, மழை புகாத, ஆனால் ஆவியை மட்டும் வெளியே விடும் சவ்வு ஒட்டிய துணி. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நம் சமையலறையில் ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூசுகிறார்களே, அந்தப் பொருளையே வெடுக்கென்று இழுத்து நீட்டிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உள்ள மெல்லிய சவ்வு கிடைத்தது. மழைத்துளி நுழைய முடியாத சின்னத் துவாரம். ஆவி நுழையப் போதுமானது. கோர்-டெக்ஸ் என்று பெயர். இப்போது அதே வேலையைச் செய்யும் வேறு சவ்வுகளும் வந்துவிட்டன. இந்தப் பைகள் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை. விலையும் இவைதான் அதிகம். ஒரு சூட்சுமத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். உள்ளே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும், வெளியே குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். இமயமலையில் அது அழகாக வேலை செய்யும். ஐப்பசி மழையில், காற்றே தண்ணீராக இருக்கும் நம் சமவெளியில், திணறும்.

மூன்றாவது, அடிப்பக்கம் மழை புகாத பூச்சுத் துணியும், மேல்பக்கம் காற்றைத் தடுத்து ஆவியை விடும் மெல்லிய நெசவுத் துணியும், முகத்துக்கு நேரே கொசுவலையும் உள்ள பை. எடை 150 முதல் 300 கிராம். பனி, காற்று, தரை ஈரம், கொசு, பூரான், தேள் எல்லாவற்றையும் தடுக்கும். பெருமழையை மட்டும் தடுக்காது. அதற்கு மேலே ஒரு கூரை வேண்டும். மண்டபமோ, திண்ணையோ, நான்கு கயிற்றில் இழுத்துக் கட்டிய லேசான தார்ப்பாயோ போதும்.

நம் சீதோஷ்ணத்துக்கு என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். நம் தேசத்தில் கூரை கிடைப்பது எளிது. மூச்சு விடும் காற்றுக்குத்தான் வழி செய்துகொள்ள வேண்டும்.

திருப்பூர் வீட்டில் இருக்கும் பாதிப் பை

"எங்கள் வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. பனியன் துணியிலேயே தைத்துவிட்டால் என்ன?" என்றும் சகோதரி கேட்கிறார். நல்ல யோசனை, ஆனால் பாதிதான் சரி.

பனியன் துணி பின்னல் துணி. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அது இழுத்தால் நீளும், உடம்போடு ஒட்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் சின்ன ஜன்னல் இருக்கிறது; காற்றும் பனியும் அதன் வழியே தாராளமாக வரும். பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிகளில் ஓடுவது நெசவுத் துணி. பாவும் ஊடையும் நெருங்கி நிற்பதால் காற்றுக்குத் தடை. பையின் வெளிப்புறத்துக்கு நெசவுதான் வேண்டும். அதிலும் பருத்தி ஆகாது, மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் வேண்டும். பருத்தி பனியைக் குடித்துக் கனத்துவிடும், சீக்கிரம் உலராது.

ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளும் உறைக்குப் பனியன் துணியை மிஞ்ச ஒன்றில்லை. அந்த வளையங்களுக்குள் காற்று தங்கி உடம்புச் சூட்டைக் காக்கும். வியர்வை பட்டாலும் ஒட்டிக் கசகசக்காது. போர்வையில் அழுக்குப் படாது. வீட்டுக்கு வந்ததும் உறையை மட்டும் துவைத்தால் போதும். இரண்டரை மீட்டர் துணியை நீளவாட்டில் மடித்து, அடியையும் பக்கத்தையும் தைத்து, தலைப் பக்கம் திறந்து விட்டால் முடிந்தது. ஆக, உள்பை வீட்டில், வெளிப்பை கடையில்.

திருப்பூர்க் குடும்பத்துக்கு ஜி.எஸ்.எம். கணக்கு தெரிந்திருக்கும்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சாதாரண பனியன் துணி 140, 160 என்று வரும். பிவ்வி பையின் மேல் துணி 30 முதல் 50-க்குள் இருக்கும். சீட்டில் டெனியர் என்று போட்டிருந்தால், அது நூலின் பருமன்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். 10 டெனியர் மிக மெல்லியது. முள்ளில் பட்டால் கிழியும். நம் கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் அடித் துணி 30-க்கு மேல் இருப்பது நல்லது. 'இத்தனை மில்லிமீட்டர்' என்று இன்னோர் எண் இருக்கும். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் ஒழுகாது என்று பொருள். முழங்காலும் இடுப்பும் அழுத்தும் அடித் துணிக்கு 3,000-ஆவது இருக்கட்டும்.

கடையிலேயே படுத்துப் பாருங்கள்

புடைவை வாங்கும்போது தோளில் போட்டுப் பார்க்க நாம் கூச்சப்படுகிறோமா? பையையும் அப்படியே கடையில் விரித்து, உள்ளே போய்ப் படுத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து போர்வையையும் பாயையும் கொண்டுபோய் உள்ளே வைத்துக்கொண்டு படுங்கள். நீளம் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம் இருக்க வேண்டும். தோள் பக்கம் இறுக்கமாக இருந்தால் ரஜாயின் பஞ்சு அமுங்கிவிடும். அமுங்கிய பஞ்சு குளிர் தாங்காது. ஆண்களுக்கு அளவெடுத்த பை, சின்ன உருவமுள்ள பெண்ணுக்குக் கால் பக்கத்தில் வெறும் இடமாகக் கிடக்கும். அந்த இடமும் குளிரும். மாற்று உடையை அங்கே சுருட்டி வைக்கலாம்.

ஜிப்பை உள்ளேயிருந்து ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். தலைப் பக்கத்தில் மட்டும் சிறிதாக இருக்கும் ஜிப்பைவிட, பக்கவாட்டில் இடுப்பு வரை வரும் ஜிப் மேல். கொசுவலை முகத்தில் விழாமல் தூக்கிக் கட்ட ஒரு வளையம் இருக்க வேண்டும். முகத்தோடு ஒட்டிய வலைக்கு வெளியே உட்கார்ந்தே கொசு கடித்துவிடும்.

வாங்கிய பிறகு வீட்டு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பத்துத் தடவை பழகச் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நாய் துரத்தினாலும், நெருப்புப் பிடித்தாலும், யாராவது வேண்டாதவர் அருகில் வந்தாலும், கையும் காலும் கட்டிப் போட்டது போலப் பைக்குள் இருப்பவர் ஐந்து விநாடிக்குள் எழுந்து நிற்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் பையில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையல்ல, இந்த ஜிப்பை.

மூச்சு முட்டுமா?

சரியாகப் படுத்தால் முட்டாது. எவ்வளவு குளிர்ந்தாலும் வாயையும் மூக்கையும் மூடிக் கயிற்றை இறுக்கக் கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்படி ஆகும். பையும் உள்ளே நனையும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு முகத்தை வெளியே வைப்பதே வழக்கம். உள்ளே மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள், அடுப்பு எதுவும் கூடவே கூடாது. புகையும் நச்சுக் காற்றும் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நைலான் நெருப்பில் எரிவதோடு நில்லாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிர் காயும் நெருப்பிலிருந்து பத்தடி தள்ளித்தான் படுக்கை.

நெருப்பு என்றதும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வராமல் இருக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப் பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வேலைக்குப் போகும் இளம் பெண்கள். எந்தப் பையும் அவர்களைக் காப்பாற்றியிராது. எங்கே போகிறோம், எந்தக் காலத்தில் போகிறோம், யார் அனுமதி கொடுத்தார்கள் என்பவை பைக்கு முந்திய கேள்விகள். அதற்குப் பிறகு மலை நடைக்கு அரசாங்கம் விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத் துறை 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகத் தொடங்கியது. காட்டு வழி ஆசையுள்ளவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதே முறை.

அமராவதி நகரைச் சுற்றியுள்ள காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகும் சாலை யானைகளுக்கும் சாலைதான். அந்த வழியில் ஸைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பையை விரிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். சோதனைச் சாவடியில் ஸைக்கிளுக்கு என்ன கட்டுப்பாடு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பகலிலேயே காட்டைக் கடந்து, ஊருக்குள் விடுதியில் தங்க வேண்டும். அமராவதி அணையோரம் குளுகுளுவென்று இருக்கிறதே என்று அங்கே படுக்கவும் கூடாது. 1976-இல் அங்கே முதலைப் பண்ணை ஏற்படுத்தினார்கள் என்றால் காரணமில்லாமலா? நீர்த்தேக்கத்திலேயே முதலைகள் உண்டு.

பழனிக்கு எது போதும்?

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை, பனிக்குத்தான். தெளிந்த வானத்துக்கு நேரே படுத்தால் பனி நேராக இறங்கும். மரத்தடியிலோ கூரைக்கடியிலோ படுத்தால் பாதி குறையும். ஆற்றோரப் பள்ளத்தில் குளிர் காற்று தேங்கும். சற்று மேடான இடமாகப் பார்க்க வேண்டும். சாலை ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம். லாரிக்காரர் கண்ணுக்குத் தூங்குகிறவர் ஒரு மூட்டை. கோவில் மண்டபமோ, பாதயாத்திரைக்காரர்களுக்காகப் போட்ட பந்தலோ, கூட்டத்தோடு கூட்டமாகப் படுப்பதே பெண்களுக்குப் பத்திரம்.

ஆகவே சகோதரிக்கு என் பதில் இது. பழனி நடைக்கு மட்டும் என்றால் பிவ்வி பை வாங்க வேண்டாம். வீட்டில் தைத்த பனியன் துணி உள்பை, ஒரு கம்பளி, கீழே விரிக்க ரப்பர் பாய், மேலே போட ஒரு மெல்லிய நைலான் விரிப்பு, இவை போதும். மூன்று இரவு நடந்து திரும்பிய பிறகும் பெண்ணுக்கு ஆசை தணியாமல், வருஷத்தில் பத்து இரவாவது வெளியே தங்குவாள் என்று தோன்றினால், மூன்றாவது ரகப் பையை வாங்கிக் கொடுங்கள். அதோடு ஒரு சின்னத் தார்ப்பாய். வெள்ளிப் பை ஒன்றும் மூட்டையின் அடியில் கிடக்கட்டும். அது பிரிக்கப்படாமலே வீடு திரும்பினால் பயணம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம்.

பையைப் பராமரிப்பதும் சுலபமே. காலையில் எழுந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, காப்பி குடித்து முடிகிற வரை ஸைக்கிள் மேலே போட்டு வைத்தால் ஆவி போய்விடும். வீட்டுக்கு வந்ததும் லேசான சோப்பில் கையால் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். சலவைச் சோடா, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷினின் சுழற்றல் எல்லாம் பூச்சைக் கெடுக்கும். ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் பூசணம் பூக்கும். ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்போடு பூச்சு உதிரும். ஒரு பெரிய துணிப் பையில் தளர்வாகத் திணித்து, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால், ஊசித் துவாரம் இருந்தாலும் நட்சத்திரம் மாதிரி தெரியும்.